ஜிம்மி கடைசியாக ஓடிய ஏரிக்கரை

எங்கள் தெருவில் மொத்தம் மூன்று ஜிம்மிகள். வாசலில் நின்று யாராவது 'ஜிம்மி' என்று கூப்பிட்டால் மூன்று வீட்டிலிருந்தும் குரல் வரும். எங்களுடையது பழுப்பு மஞ்சள் நிற லேப்ரடார். பத்து வயது, 34 கிலோ. மகளுக்கு ஒரு வயது முடிந்தபோது வீட்டுக்கு வந்தவன். அவள் சுவரைப் பிடித்து நடந்ததைவிட அவன் முதுகைப் பிடித்து நடந்ததுதான் அதிகம்.

அவனைப் போன ஜனவரியில் பழவேற்காட்டில் புதைத்துவிட்டு வந்தோம். நாங்கள் போனதென்னவோ இரண்டு நாள் சந்தோஷமாக இருந்துவிட்டு வரத்தான்.

ஆசிரியர் பயிற்சி படித்தபோது விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த தோழிக்குக் கோட்டைக்குப்பம்தான் சொந்த ஊர். பழவேற்காடு ஏரியை ஒட்டிய மீனவர் குடியிருப்பு. பதினைந்து வருடமாக "ஒரு தடவை வந்து தங்கிட்டுப் போடி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர்தான். ஆனாலும் போக முடியவில்லை. ஜிம்மியை யார் பார்த்துக்கொள்வது? நாய் விடுதியில் விட்டால் சாப்பிடமாட்டான். ஒருமுறை விட்டுப் பார்த்து மூன்று கிலோ இளைத்துத் திரும்பினான்.

இந்த முறை தோழியின் அம்மாவே போனை வாங்கிவிட்டார். "நாய இட்டுனு வாம்மா. எங்க ஊர்ல நாயே இல்லாத மாதிரி பேசுறியே!"

சனிக்கிழமை காலை கிளம்பினோம். காரின் பின் சீட்டில் மகளும் ஜிம்மியும். பொன்னேரி தாண்டியதும் ஜன்னல் வழியே மீன் வாசனை வர, அவன் மூக்கு வேலை செய்த வேகத்தைப் பார்த்து என் கணவர் சிரித்துக்கொண்டே வண்டி ஓட்டினார்.

பழவேற்காடு போகாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில், மிச்சம் நம் பக்கம். முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் உள்ளே வந்து ஆற்று நீரோடு கலக்கும். அதனால்தான் அங்கே இறாலும் நண்டும் அவ்வளவு ருசி. குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடு போட்டாற்போல நிற்கும். 1613-ல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டை இடிந்து புதர் மண்டிக் கிடக்கிறது. அவர்களுடைய கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நன்றாக இருக்கிறது. அதன் வாசலின் இரு பக்கமும் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள். மகள் அவற்றைப் பார்த்துப் பயப்படுவாள் என்று நினைத்தேன். அவள் இரண்டோடும் போட்டோ எடுத்துக்கொண்டாள். என் கணவரும் ஜிம்மியும் வெளியே மர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் நன்றாகத்தான் இருந்தான். இந்த வரியை எத்தனை பேரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

படகில் ஏற வேண்டும் என்று மகள் அடம்பிடித்தாள். தோழியின் அண்ணன் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். 2011 கிறிஸ்துமஸ் அன்று சுற்றிப்பார்க்க வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த ஏரி அது. அதன்பிறகு சுற்றுலாப் படகுக்குத் தடை. "தண்ணிய கரையில இருந்து பாரு கண்ணு, அது எங்கயும் ஓடிடாது" என்றார். அன்று அவருக்கும் ஓய்வு நாள்தான். அங்கே 'பாடு' என்று ஒரு முறை உண்டு. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில் யார் வலை கட்டுவது என்பதை ஊரே கூடி முறைவைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். அன்று அவருடைய முறை இல்லாததால் எங்களோடு நாள் முழுக்க இருந்தார்.

சாயங்காலம் தண்ணீர் வடிந்த ஈர மணலில் ஜிம்மியின் கயிற்றை அவிழ்த்துவிட்டோம். ஊர் நாய்கள் நாலைந்து வந்து மோந்து பார்த்தன. கொஞ்சம் உறுமல், கொஞ்சம் வாலாட்டல். அப்புறம் எல்லாம் சேர்ந்து ஓடின. அபார்ட்மென்ட் மொட்டை மாடியில் வளர்ந்த நாய் அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. பத்து நிமிடம் ஓடினான், வந்து படுத்தான், மறுபடியும் ஓடினான். அதை என் போனில் எடுத்து வைத்திருக்கிறேன். 47 விநாடி வீடியோ. மூன்று மாதம் அதைத் திறக்கவே முடியவில்லை.

ராத்திரி சாப்பாடு, இறால் வறுவலும் சுடுசோறும். திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது பேச்சு சுனாமிக்குப் போனது. 2004 டிசம்பர் 26-ஐப் பற்றிப் பேசாமல் எந்த மீனவ வீட்டிலும் ஒரு ராத்திரி கழியாது போல. புதுச்சேரி பக்கம் சின்னகாலாப்பட்டில் அன்று நடந்ததை நான் சொன்னேன். மூன்று பிள்ளைகளில் சின்னவர்கள் இருவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார் ஒரு தாய். ஏழு வயதுப் பெரிய மகன் பயத்தில் குடிசைக்குள் ஓடிவிட்டான். அந்த வீட்டு நாய் அவனைக் கவ்வியும் தள்ளியும் மேட்டுக்குக் கொண்டு சேர்த்தது. நாயின் பெயர் செல்வகுமார். அப்போது உலகப் பத்திரிகைகளிலெல்லாம் வந்த செய்தி.

"நாய்க்கு மனுஷன் பேரா?" என்று மகள் சிரித்தாள். "ஏன், இவன் பேரு மட்டும் என்னவாம்? வெள்ளக்காரன் பேரு" என்றார் தோழியின் அம்மா. ஜிம்மி தன் பெயரைக் கேட்டு வாலை இரண்டு முறை தரையில் தட்டினான்.

விடியற்காலை நாலரை இருக்கும். மூச்சு வாங்கும் சத்தம் கேட்டு எழுந்தேன். ஜிம்மி கதவோரம் ஒருக்களித்துப் படுத்திருந்தான். கூப்பிட்டால் எழவில்லை. வால் ஒரே ஒருமுறை அசைந்தது. வயிறு உப்பியிருந்தது. அண்ணனும் என் கணவரும் போர்வையில் வைத்துத் தூக்கி வந்து காரில் கிடத்தினார்கள். பொன்னேரி பக்கம் ஒரு கால்நடை மருத்துவரை அண்ணனே போன் போட்டு எழுப்பிவிட்டார்.

அந்த மருத்துவர் முதலில் செய்தது, ஜிம்மியின் மேலுதட்டைத் தூக்கிக் காட்டியது. ஈறு சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. பிறகு வயிற்றில் ஊசி போட்டு இழுத்தார். வந்தது ரத்தம். "உள்ளே கசிஞ்சுட்டு இருக்கும்மா. பெரும்பாலும் மண்ணீரல் கட்டியா இருக்கும். வேப்பேரிக்குக் கொண்டுபோனா ரத்தம் ஏத்தி ஆபரேஷன் பண்ணலாம். ஆனா அவ்வளவு நேரம் தாங்குமான்னு என்னால சொல்ல முடியல" என்றார்.

வேப்பேரியில் இருப்பது 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை. ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம். கிளம்பினோம். தச்சூர் கூட்டுச்சாலை வருவதற்குள் மகள் சொன்னாள், "அம்மா, ஜிம்மி மூச்சு விடல."

கார் ஓரமாக நின்றது. லாரிகள் எங்களைக் கடந்து போய்க்கொண்டே இருந்தன. முதலில் பேசியது என் கணவர்தான். "எங்க கொண்டு போறது?" நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி வாடகை வீடு. எங்களுக்கென்று ஒரு சாண் மண் கிடையாது. தோழிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். பின்னால் அவளுடைய அம்மாவின் குரல் கேட்டது. "இங்க எடுத்துனு வரச் சொல்லு. நம்ம வூட்டுக்கு வந்த புள்ள."

வண்டியைத் திருப்பினோம்.

ஏரிக்கரையில் குழி வெட்டுவது சுலபமில்லை. இரண்டரை அடியிலேயே தண்ணீர் ஊறிவிட்டது. அந்தக் குழியை மூடிவிட்டு, வீட்டுக்குப் பின்னால் பனைமரம் நிற்கும் மேட்டில் மறுபடி வெட்டினார்கள். அண்ணனோடு பக்கத்து வீட்டுப் பையன்கள் இருவர், பெயர்கூடத் தெரியாதவர்கள், வந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டார்கள். நாலடி இறங்கியதும் ஜிம்மியை அவன் போர்வையோடு வைத்தோம். மேலே அண்ணன் பழைய வலையை நாலாக மடித்து விரித்தார். வேறு நாய்கள் தோண்டாமலிருக்க என்றார். பிறகு மண், அதன்மேல் முள், கல். தோழியின் அம்மா ஒரு செம்பருத்தியைப் பறித்து மகள் கையில் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான கஷ்டம் தொடங்கியது. சோற்றுப் பானையைத் திறக்கும் சத்தத்துக்கு வரவேண்டிய காலடி வரவில்லை. கணவர் அலுவலகத்தில் இரண்டு நாள் விடுப்பு கேட்டார். காரணம் 'உடல்நிலை' என்று எழுதினார். நாய் செத்துப்போனது என்று எப்படி எழுதுவது? சொந்தக்காரர் ஒருவர் போனில், "ஒரு நாய்க்காகவா இப்படி? இன்னொண்ணு வாங்கிட்டாப் போச்சு" என்றார். தப்பான எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு அவர் போனை எடுக்க எனக்கு ஒரு வாரமாயிற்று.

நாய்க்காக அழுவது இந்தக் காலத்து நாகரிகம் என்று நினைப்பவர்கள் திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூருக்குப் போய்ப் பார்க்கலாம். மகேந்திரவர்ம பல்லவனின் 34-ம் ஆட்சியாண்டில், அதாவது 7-ம் நூற்றாண்டில் நட்ட நடுகல் அது. எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். அவன் பக்கத்திலேயே அவனுடைய நாயும் நிற்கிறது. கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். மானாமதுரை அருகே ஓய்வுபெற்ற அரசு ஊழியர் ஒருவர் தன் லேப்ரடார் டாமுக்குச் சிலை வைத்துக் கோயில் கட்டியது 2022-ல் செய்தியாக வந்தபோது நானும் சிரித்தவள்தான். இப்போது சிரிப்பு வரவில்லை.

துக்கத்தைவிட எங்களை அரித்தது வேறு. 'கூட்டிக்கொண்டு போயிருக்கக் கூடாது' என்று நான் உள்ளுக்குள் மருகிக்கொண்டிருந்தேன். 'அவ்வளவு ஓட விட்டிருக்கக் கூடாது' என்று அவர். இரண்டு பேரும் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. மகள் அமைதியாகப் பள்ளிக்கூடம் போய்வந்தாள். சின்னப் பிள்ளை, சீக்கிரம் தேறிவிட்டாள் என்று நினைத்தோம்.

பதினோராம் நாள் இறால் தொக்கு வைத்தேன், அவளுக்குப் பிடிக்குமே என்று. தட்டைப் பார்த்ததும் தள்ளிவிட்டு வெடித்து அழுதாள். "நான்தான்மா ஜிம்மியக் கொன்னேன். அன்னைக்கு ராத்திரி யாருக்கும் தெரியாம அவனுக்கு மூணு எறா குடுத்தேன். மசாலா போட்டது."

பதினொரு வயதுப் பிள்ளை பதினோரு நாள் இதைச் சுமந்துகொண்டு எங்கள் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள்.

ஜிம்மிக்கு வழக்கமாகப் பார்க்கும் டாக்டருக்கு அப்போதே போன் செய்து, மகள் கையிலேயே கொடுத்தேன். ஸ்பீக்கரில் போடச் சொல்லி அவர் நிதானமாகப் பேசினார். "பாப்பா, மசாலாவும் வெங்காயமும் நாய்க்கு ஆகாதுதான். வயிறு கெடும், வாந்தி வரும். ஆனா மண்ணீரல்ல கட்டி வளர வைக்காது, வெடிக்கவும் வைக்காது. அது ரொம்ப நாளா உள்ளே இருந்திருக்கும்."

அறுத்துப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாலும், ரத்த நாளங்களின் செல்களில் தொடங்கும் ஒருவகைப் புற்றுநோயாக இருந்திருக்கலாம் என்றார். லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் ரெட்ரீவர் போன்ற பெரிய நாய்களுக்கு வயதான காலத்தில் வருவது. சில நேரம் கொஞ்சமாகக் கசிந்து நின்றுவிடும். கசிந்த ரத்தத்தை உடம்பே திரும்ப உறிஞ்சிக்கொள்வதால் நாய் ஒருநாள் சோர்ந்து கிடந்து மறுநாள் எழுந்து ஓடும். அதுதான் நம்மை ஏமாற்றிவிடுகிறது. ஆபரேஷன் செய்தாலும் பல நாய்கள் அதன்பின் சில மாதங்கள்தான்.

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வாரம் முன்பு மாடிப்படியில் பாதியில் படுத்துக்கொண்டான். வயசாயிடுச்சு என்று பேசிக்கொண்டோம். மறுநாள் சரியாகிவிட்டான்.

வயதான நாய் வைத்திருப்பவர்கள் இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். எட்டு வயதுக்கு மேல் வருடம் இருமுறை பரிசோதனை, அதோடு வயிற்றுக்கு ஸ்கேன். வீட்டிலேயே அடிக்கடி ஈறைப் பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். ஈறே வெளுத்திருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஈறு கறுப்பாக இருக்கும் நாய்க்குக் கீழ் இமையை இறக்கி உள்பக்கத்தைப் பாருங்கள்.

டாக்டர் பேசி முடித்ததும் மகள் போனை என்னிடம் கொடுத்துவிட்டு அவள் அப்பா மடியில் போய் உட்கார்ந்தாள். அப்போதுதான் அவர், "நான் ஓட விட்டதாலயோன்னு நினைச்சேன்" என்றார். "நான் கூட்டிட்டுப் போனதால" என்றேன் நான். மூன்று பேரும் அழுதோம். அன்றைக்குத் தொக்கை யாரும் தொடவில்லை.

இதை எழுதும்போது மார்கழி. பூநாரை வந்துவிட்டது என்று தோழி போட்டோ அனுப்பியிருக்கிறாள். அந்த மேட்டில் ஏதோ கொடி படர்ந்திருக்கிறது. பொங்கல் விடுமுறைக்கு வருகிறோம் என்று சொல்லியிருக்கிறோம். நேற்று அவளுடைய அம்மா போனில் வந்தார். மகள் ஒரு வருடமாக இறாலைத் தொடுவதில்லை என்று அவருக்குத் தெரியும். கொஞ்சம் தயங்கித்தான் கேட்டார்.

"எறா வறுக்கட்டுமா, இல்ல மீனு போதுமா?"

மகள் என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"எறாவே வறுங்க ஆயா. நிறைய."