மூன்று மீட்டர் காற்று

எரியும் சிகரெட்டின் நுனியிலிருந்து எழும் புகையும், அதைப் புகைப்பவர் வாயிலிருந்து வரும் புகையும் ஒரே நிறமல்ல. நுனிப்புகை இளநீலமாக நூல்போல் மேலே போகும். ஊதிய புகை வெள்ளையாகப் பரவும். மலேசியாவின் வட சிலாங்கூரில், புக்கிட் ரோத்தானிலோ பெஸ்தாரி ஜெயாவிலோ சாப்பாட்டுக் கடை மேசைகளில் சாம்பல் தட்டு இருந்த காலத்தில், காலை வெயில் சாய்வாக உள்ளே விழும்போது இரண்டையும் அருகருகே பார்க்க முடிந்தது.

நிற வேறுபாட்டுக்குக் காரணம் துகள்களின் அளவு. நுனிப்புகையின் துகள்கள் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியவை. அவ்வளவு சிறிய துகள் நீல ஒளியைத்தான் அதிகமாகச் சிதறடிக்கும். வானம் நீலமாகத் தெரிவதும் இதே விதியால்தான். நுரையீரலுக்குள் போய் வரும் புகையோ அங்குள்ள ஈரத்தை உறிஞ்சிப் பருத்துவிடுகிறது. பருத்த துகள் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய சமமாகச் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது.

பக்கத்து மேசைக்காரர் அதிகம் சுவாசிப்பது அந்த நீலப் புகையைத்தான். ஓர் அறையில் சேரும் சிகரெட் புகையில் ஏறத்தாழ 85 விழுக்காடு நுனியிலிருந்து நேராக வருவது. வடிகட்டியையோ புகைப்பவரின் நுரையீரலையோ அது தொடுவதே இல்லை. அது உருவாகும் விதமும் மோசம். புகையை இழுக்கும் நொடியில் நுனியின் வெப்பம் 900 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். விரலிடுக்கில் சும்மா இருக்கும்போது 600 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். வெப்பமும் ஆக்சிஜனும் குறைந்தால் புகையிலை முழுமையாக எரிவதில்லை. எரிந்தும் எரியாத நச்சுகள் கூடுதலாக வெளியேறும். அதனால் அளவுக்கு அளவு பார்த்தால், புகைப்பவர் இழுக்கும் புகையைவிட நுனிப்புகையே கொடியது.

வட சிலாங்கூர் மக்களுக்கு இப்படிப்பட்ட எரிதல் புதிதல்ல. ராஜா மூசா வனக்காப்பகத்தின் கரிமண் வறட்சியில் தீப்பிடித்தால் கொழுந்துவிட்டு எரியாது. மண்ணுக்குள்ளேயே கனன்று நாட்கணக்கில் புகையும். சாம்பல் தட்டில் கனலும் சிகரெட், விரலளவுக்குச் சுருங்கிய கரிமண் தீ. புகைமூட்டம் வந்தால் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிறோம். அப்போது நாம் அஞ்சுகிற அதே நுண்துகள்கள்தான், இரண்டரை மைக்ரானுக்கும் சிறியவை, சிகரெட் புகையிலும் இருக்கின்றன.

அவை எளிதில் கீழே படிவதுமில்லை. 0.3 மைக்ரான் அளவுள்ள துகள் ஒன்று, காற்றே அசையாத இடத்தில், மேசை உயரத்திலிருந்து தரையைத் தொட ஏறத்தாழ இரண்டு நாளாகும். கூரை மின்விசிறியைச் சுழலவிட்டால் புகை கண்ணுக்கு மறையும், ஆனால் போய்விடாது. எல்லா மேசைக்கும் சமமாகப் பங்கு வைக்கப்படும், அவ்வளவுதான்.

2001இல் ஜப்பானின் ஒசாகாவில் நடந்த ஓர் ஆய்வைப் படித்தால் திகைப்பாக இருக்கும். புகைப்பழக்கமே இல்லாத இளைஞர்களை 30 நிமிடம் புகை நிறைந்த அறையில் உட்கார வைத்தார்கள். தேவைப்படும்போது இரத்த ஓட்டத்தைக் கூட்டிக்கொள்ளும் இதயத் தமனிகளின் திறன், அந்த அரை மணி நேரத்திலேயே புகைப்பவர்களின் அளவுக்குச் சரிந்துவிட்டது. ஒருவர் ரொட்டி சானாய் சொல்லி, சாப்பிட்டு, தே தாரிக்கையும் குடித்து முடிக்கிற நேரம் அது.

மலேசியாவில் திறந்தவெளிக் கடைகள் உட்பட எல்லா உணவகங்களிலும் புகைக்கத் தடை வந்தது 2019 ஜனவரி 1ஆம் தேதி. முதல் ஆண்டு எச்சரிக்கையோடு விட்டார்கள். 2020 ஜனவரி முதல் அபராதம். அப்போதைய சுகாதார அமைச்சர் டாக்டர் சுல்கிப்ளி அமாட், கோல சிலாங்கூரின் நாடாளுமன்ற உறுப்பினர், நச்சியலில் முனைவர் பட்டம் பெற்றவர். வேப் எனும் மின்சிகரெட்டையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த புதிய சட்டம் 2024 அக்டோபர் 1இல் நடப்புக்கு வந்தபோதும் அந்தப் பொறுப்பில் அவரே இருந்தார்.

உணவகத் தடையில் பலர் கேலி செய்தது 3 மீட்டர் கணக்கைத்தான். சாப்பாட்டு மேசை நாற்காலியிலிருந்து அவ்வளவு தூரம் தள்ளி நின்று புகைக்க வேண்டும் என்றது விதி. “காற்றுக்குக் கோடு போட முடியுமா?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்கு அளந்து பார்த்த விடையும் இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் வெளியிடங்களில் புகைத்துகளை அளந்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். புகைப்பவருக்கு அரை மீட்டர் அருகில், காற்று வீசும் திசையில் இருந்தால், திறந்தவெளியிலும் வீட்டுக்குள் இருப்பதற்கு ஈடான புகை மூக்கில் ஏறுகிறது. இரண்டு மீட்டரைத் தாண்டினால் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே 3 மீட்டர் என்பது வெறும் வாய்க்கு வந்த எண் அல்ல.

ஆனால் அந்த அளவீடு வானம் பார்த்த இடத்துக்கானது. தோட்டப்புறச் சாலையோரக் கடைகளுக்குப் பெரும்பாலும் சுவர் இராது, தாழ்ந்த தகரக் கூரை இருக்கும். சூடாக மேலெழும் புகை கூரையில் முட்டி, அதன் அடியிலேயே படர்ந்து, ஆறியதும் இறங்கி வரும். கூரை விளிம்பில் நின்று புகைப்பவர் மூன்று மீட்டர் விலகியிருந்தாலும், காற்று உள்நோக்கி அடித்தால் புகை கடைக்குள்தான். கூரை நிழலைத் தாண்டி நிற்கச் சொல்வதே சரி என்பது என் கருத்து.

இதில் வாடிக்கையாளர் அரை மணியில் எழுந்து போய்விடுவார். ரொட்டிக் கல்லின் முன்னால் நிற்பவரும் மேசை துடைப்பவரும் காலைமுதல் இரவுவரை அதே காற்றில்தான். தோட்டப்புறத்தில் உரிமம் பெற்ற குடிக்கடை என்றால் ஒரு காலத்தில் கள்ளுக்கடைதான். பீடியும் சுருட்டும் புகைந்த அந்தக் கொட்டகையில் கள் ஊற்றிக் கொடுத்தவரின் நுரையீரலைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

அயர்லாந்து கேட்டது. 2004 மார்ச் 29 அன்று, மதுக்கூடங்கள் உட்பட ஏறக்குறைய எல்லா வேலையிடங்களிலும் நாடு முழுவதும் புகையைத் தடை செய்தது. உலகிலேயே அதுதான் முதல் நாடு. தடைக்கு முன்னும் பின்னும் புகைக்காத மதுக்கூட ஊழியர்களின் உமிழ்நீரைச் சோதித்தபோது, நிகோடின் உடலில் சிதைந்து உண்டாகும் கோட்டினின் 80 விழுக்காடு குறைந்திருந்தது. இருமல் முதலான மூச்சுத் தொல்லைகளும் குறைந்தன. அதே 2004இல் மலேசியா எழுதிய புகையிலைக் கட்டுப்பாட்டு விதிகள், கேளிக்கை மையங்களில் புகைக்கத் தடை விதித்தபோது, பப், டிஸ்கோ, இரவு விடுதி, சூதாட்ட விடுதி நான்குக்கும் விலக்கு அளித்தன. அங்கே தட்டேந்துபவருக்கு மட்டும் அந்தத் துகள் வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்பதற்கு அறிவியலில் ஓர் ஆதாரமும் இல்லை.