காலையில் ஒரு கேஸ் மாத்திரை
அன்றாட உபாதைகள் - 7

எந்த ஊர் மெடிக்கல் ஷாப்பிலும் மாலை நேரத்தில் சற்று நின்று பாருங்கள். "அண்ணே, நெஞ்சு கரிக்குது, கேஸ் மாத்திரை ரெண்டு குடுங்க" என்று ஒருவராவது வருவார். கடைக்காரர் பான்டோபிரசோல் அட்டையிலிருந்து இரண்டைக் கத்தரித்து, சின்னக் கவரில் போட்டு, "சாப்பிட்டுட்டுப் போட்டுக்குங்க" என்று நீட்டுவார். மாத்திரை சரிதான், சொன்ன நேரம்தான் தப்பு.

உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. விழுங்கும்போது திறக்கும், மற்ற நேரம் மூடியிருக்கும். அது தளர்ந்தால் அமிலம் மேலேறி நெஞ்சைக் கரிக்கும். தொப்பை, கர்ப்பம், சிகரெட், இறுக்கிக் கட்டிய பெல்ட், ராத்திரி பத்தரைக்குப் பரோட்டா சால்னா முடித்துப் பதினொன்றுக்குப் படுக்கை என்று காரணங்களுக்குப் பஞ்சமில்லை. பழியை மட்டும் வாயு சுமக்கிறது.

அமிலத்தைச் சுரக்க இரைப்பைச் சுவரில் நுண்ணிய பம்புகள் உண்டு. சாப்பிடும்போதுதான் அவை பெருமளவில் வேலையைத் தொடங்கும். பான்டோபிரசோல், ஒமிப்ரசோல் வகை மாத்திரைகள் ஓடும் பம்பை மட்டுமே அடைக்கும்; ரத்தத்தில் அவை தங்குவதோ சில மணி நேரம்தான். ஆகவே சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி முன்பே விழுங்கியாக வேண்டும். சாப்பிட்ட பிறகு போடுவது, பஸ் கிளம்பியபின் ஸ்டாண்டுக்கு ஓடுவது மாதிரி. உடனடி நிவாரணம்தான் வேண்டுமென்றால் ஜெலுசில் போன்ற திரவம் போதும். ஈனோவில் சோடியம் அதிகம், பிரஷர்காரர்கள் அதைப் பழக்கமாக்க வேண்டாம்.

அடுத்த சிக்கல், நிறுத்த முடியாமல் போவது. மூட்டுவலிக்கோ காய்ச்சலுக்கோ மருந்து எழுதும்போது துணைக்கு ஒரு கேஸ் மாத்திரையும் சீட்டில் ஏறுகிறது. காய்ச்சல் போய்விடும், கேஸ் மாத்திரை மட்டும் வருஷக்கணக்கில் காபிக்கு முன் தொடரும். விட்டுப் பார்த்தால் முன்னைவிட அதிகமாகக் கரிக்கும். 'பார்த்தீங்களா, எனக்கு இது இல்லாம முடியாது' என்று மறுபடி ஆரம்பித்துவிடுவார்கள். வாரக்கணக்கில் அடைபட்ட சுரப்பு, தடை நீங்கியதும் வீம்பாக அதிகரிப்பதால் வரும் எரிச்சல் இது. 2009-இல் வெளியான டேனிஷ் ஆய்வு ஒன்றில், வயிற்றுத் தொல்லையே இல்லாத ஆரோக்கியமானவர்களுக்கு 8 வாரம் எசொமிப்ரசோல் கொடுத்து நிறுத்தினார்கள். அடுத்த 4 வாரங்களில் அவர்களில் 44 சதவீதத்தினருக்கு எரிச்சல், எதுக்களிப்பு போன்ற தொல்லை வந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 15 சதவீதம்தான். இல்லாத நோயை மருந்தே உண்டாக்கிக் காட்டியது என்றுதான் இதை நான் படிக்கிறேன்.

வெகுநாள் சாப்பிட்டவர்கள் டாக்டரைக் கேட்டு அளவைக் குறைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் என்று இறங்கி நிறுத்தலாம். அல்சரில் ரத்தம் கசிந்தவர்கள், ஆஸ்பிரினோடு சேர்த்துச் சாப்பிடச் சொல்லப்பட்டவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது.

மருந்தில்லாமல் செய்யக்கூடியவையும் உண்டு. ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேர இடைவெளி. இடப்பக்கம் சாய்ந்து படுப்பது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் ஆறு அங்குலத்துக்குச் செங்கல் அல்லது மரக்கட்டை. தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கி இன்னும் அழுத்தம்தான் கூடும். விழுங்கும்போது சோறு சிக்குகிறது, மலம் தார் போலக் கறுக்கிறது, காரணமின்றி எடை குறைகிறது என்றால் எண்டோஸ்கோபியைத் தள்ளிப்போடாதீர்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். டாக்டரிடம் அதையும் சொல்லிவிடுங்கள்.

கேஸ் என்று சோடா குடித்து, ஏப்பத்துக்காகக் காத்திருந்து மாரடைப்பின் பொன்னான நேரத்தைக் கரைப்பவர்கள்தான் உண்மையான கவலை. மாடி ஏறினால் வந்து, நின்றால் அடங்கும் எரிச்சலில் இரைப்பையைச் சந்தேகிக்காதீர்கள், இதயத்தைச் சந்தேகியுங்கள். வியர்வை, மூச்சிரைப்பு, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி சேர்ந்தால் உடனே 108. சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமல் வெறும் அசதியாகவும் வரலாம். தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதலுதவியாக 14 மாத்திரைகள் தருகிறார்கள்: ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரல் 4, அடோர்வாஸ்டாட்டின் 8. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ரத்தம் மேலும் உறையாமல் இருக்க இது உதவும். முதல் ஈசிஜி நார்மல் என்று வந்தாலும், வலி நிற்கவில்லையென்றால் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். சற்று நேரம் கழித்து இன்னொன்று எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

(தொடரும்)