பட்டாசுத் தொழிலில் உற்பத்தித் திட்டமும் கட்டுப்பாடும்

சிவகாசி வட்டாரம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த ஆண்டுகளிலும் இங்குள்ள குடும்பங்களில் அடுப்பெரியச் செய்வன தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய தொழில்களே என்பது யாவரும் அறிந்ததே. 1922-ஆம் ஆண்டில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்று வந்தது முதலான வரலாற்றை இங்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. நாரணாபுரம் போன்ற ஊராட்சிகளில் பட்டாசு வேலைக்குப் போகாதவர் ஒருவரேனும் இல்லாத வீடுகளே மிகுதி என்று சொல்ல முடியாவிட்டாலும், அவ்வேலையோடு தொடர்பற்ற தெருவைக் காண்பது அரிது. ஆகவே ஆலையில் வேலை எவ்வாறு வகுக்கப்படுகிறது என்பது உரிமையாளருக்கு மட்டும் உரிய செய்தியன்று. ஊராரும் அறிய வேண்டுவது.

உற்பத்தித் திட்டம் என்றவுடன் பெருநகரத்து எந்திரத் தொழிற்சாலைகளைப் பலர் நினைப்பர். என்ன பொருளை, எவ்வளவு, எப்பொழுது, எந்த அறையில், யாரைக் கொண்டு செய்வது என்று முன்னரே வகுத்துக்கொள்வது திட்டம். வகுத்தபடி நடக்கிறதா என்று அன்றன்று பார்த்துத் திருத்துவது கட்டுப்பாடு. கல்யாண வீட்டுச் சமையற்காரர் பந்திக்குத் தக்கபடி உலை வைப்பதும் இதுவே. அங்கே சோறு மிஞ்சினால் நட்டம் சில படி அரிசியோடு போய்விடும். பட்டாசு ஆலையில் மிஞ்சுவது மருந்து.

வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் ஆகியவை தனித்தனியே இருக்கும்வரை அபாயம் குறைவு. கலந்தபின் அது வேறு பொருள். அலுமினியத் தூளும் நைட்ரேட் உப்பும் சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால் உள்ளேயே வெப்பம் பிறந்து, எவரும் தொடாமலே தீப்பற்றவும் கூடும். முதல் நாள் மாலை மிஞ்சிய மருந்தை மறுநாட் காலை எடுத்தபொழுது நேர்ந்த விபத்துகள் இவ்வட்டாரத்தார் அறியாதவை அல்ல. எனவே, ஏனைய தொழில்களில் இடைநிலைச் சரக்கு தேங்கினால் முதல் முடங்கும் என்பர். இத்தொழிலிலோ உயிர் போகும். திட்டமிடுவோர் முதலிற் குறிக்க வேண்டிய எண் நாளொன்றுக்கு எத்தனை பெட்டி என்பதன்று. எந்த நேரத்திலும் கலந்த மருந்து எவ்வளவு இருக்கலாம் என்பதே.

உரிமங்களும் இவ்வடிப்படையில் அமைந்தவையே. ஒரு நேரத்தில் 15 கிலோவுக்கு மேற்படாத சிறு ஆலைகளுக்கு மாவட்ட அளவிலும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு வெடிபொருள் துறையின் சென்னை, நாக்பூர் அலுவலகங்களிலும் உரிமம் வழங்கப்படுகிறது. மருந்து செலுத்தும் அறையொன்றில் நால்வருக்கு மேல் இருத்தலாகாது. பாதுகாப்பைக் கண்காணிக்க உரிய துறைகள் உள்ளன. அவர்கள் வேலையில் நாம் புகவில்லை. ஆனால் விதி நிர்ணயித்த எண்களே ஆலையின் உண்மையான ஆற்றல் என்பதை மனத்திற் கொள்ளாமல் எந்தத் திட்டமும் நிற்காது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஓர் ஆலையில் மருந்து செலுத்தும் அறைகள் பத்து. அறைக்கு நால்வராக நாற்பது பேர். உலர்த்தும் மேடையோ ஆறு அறைகளின் சரக்கை மட்டுமே ஏற்கும் என்று வைத்துக்கொள்வோம். பத்து அறைகளும் முழுமூச்சாக வேலை செய்தால் நான்கு அறைகளின் சரக்கு எங்கே போகும்? நடைபாதையிலும் மரத்தடியிலும் அடுக்கி வைக்கப்படும். பின்னர் அங்கேயே உட்கார்ந்து திரி சொருகவும் தொடங்குவர். மேடைக்குத் தக்கபடி ஆறு அறைகளில் வேலை வைத்து, மற்றவரை மருந்தில்லாத வேலைக்கு அனுப்புவதே சரியான திட்டம். மேடையை விரிவுபடுத்தாமல் ஆளை மட்டும் கூட்டினால் பெட்டிகள் கூடா, தேக்கமே கூடும். வானம் மூடிய நாளில் ஆறு என்பது மூன்றாகவும் ஆகலாம். அன்று காலையிலேயே கலக்கும் அளவைக் குறைப்பதுதான் கட்டுப்பாடு.

ஜப்பானிய நாட்டு டொயோட்டா மோட்டார் தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ என்பவர் வகுத்த ஒரு முறை இங்கு கருதத்தக்கது. கடைக்காரர் அலமாரியில் காலியான இடத்தை மட்டும் நிரப்புவதுபோல, அடுத்த பிரிவு எடுத்துக்கொண்ட அளவையே முந்தின பிரிவு செய்து தரவேண்டும். அதற்கு அடையாளம் ஓர் அட்டை. ‘கான்பான்’ என்பது அதன் பெயர். நம் ஆலைக்கு அட்டையும் வேண்டா. காலியான மருந்து டப்பாவே போதும். டப்பா காலியாகித் திரும்பி வந்தாலன்றி அடுத்த அளவு கலப்பதில்லை என்று போர்மேன் உறுதியாய் நின்றால், பாதித் திட்டம் நிறைவேறியதாகும். பிற்பகலில் கடைசி டப்பா எப்பொழுது கொடுக்கப்படலாம் என்ற நேரத்தையும் சிலேட்டில் எழுதி வைத்தல் நலம்.

இதற்குத் தடையாய் நிற்பது துண்டுக் கூலி. எண்ணிக்கைக்குக் கூலி பெறுபவர் மருந்தை விரைவாகவும் மிகுதியாகவும் கேட்பது இயல்பு. அவரைக் குறை சொல்வதற்கில்லை. காத்திருக்கும் நேரத்துக்கும் வானிலையால் நின்ற வேலைக்கும் ஒரு கூலி வகுக்காத ஆலையில் கட்டுப்பாடு பேச்சளவில் நிற்கும் என்பது நம் கருத்து. அதனினும் கொடியது உட்குத்தகை. ஓர் உரிமத்தின் கீழுள்ள அறைகளைப் பலர் பங்கிட்டுக்கொண்டால், ஆலை முழுவதற்கும் மருந்துக் கணக்குப் பார்ப்பவர் எவருமிலர். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் சுமார் 40 பேரும், 2021 பிப்ரவரி 12-ஆம் நாள் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோரும் மாண்டனர். அச்சங்குளத்து விபத்தின் பின்னர் உட்குத்தகை பற்றிய கேள்வி பெரிதாய் எழுந்ததை வாசகர்கள் நினைவுகூர்வர்.

ஆண்டுத் திட்டத்தில் தீபாவளி ஒன்றே இலக்கு. கடைசி இரண்டு மாதங்களில் வேலையைக் குவிக்காமல், முந்தின தீபாவளி கழிந்து ஆலை திறந்த நாள்முதல் பரப்பிக்கொள்ளல் வேண்டும். பொருளின் வகையும் மாறக்கூடும். 2018 அக்டோபர் 23-ஆம் நாள் உச்சநீதிமன்றம் சரவெடிகளையும் பேரியம் உப்பு சேர்ந்தவற்றையும் விலக்கியபொழுது, அவற்றையே நம்பியிருந்த ஆலைகள் வகையற்று நின்றன. மூலப்பொருளை ஒரேயடியாக வாங்கிக் குவிப்பது புத்திசாலித்தனமன்று என்பதற்கு இதுவும் காரணம்.

முன்கூட்டியே தாராளமாய்ச் செய்து வைக்கத்தக்கது மருந்தில்லாத வேலை: காகிதக் குழாய் சுற்றுதல், பெட்டி ஒட்டுதல், லேபிள் அடித்தல். மகளிர் குழுக்கள் ஏற்கத்தக்க பணியும் இதுவே. குழாயை வீட்டில் சுற்றலாம். திரியும் மருந்தும் எக்காரணத்தாலும் ஆலையின் வாயிலைத் தாண்டி வீட்டுக்குள் வரலாகாது. மழைக்காலத்தில் சுற்றிய குழாய்கள் வெளியே உலர்ந்ததுபோல் தோன்றினாலும் உள்ளே பசை ஈரம் நிற்கும். ஆகவே குழுவினர் கட்டுதோறும் சுற்றிய தேதியைச் சீட்டில் எழுதிக் கட்டி அனுப்புதல் வேண்டும்; ஆலைக் கணக்கர் பழைய தேதியிட்ட கட்டை முதலில் அறைக்குக் கொடுத்து, ஈரமுள்ளதைத் திருப்பி அனுப்புதல் வேண்டும்.