ஏரி உள்வாய் வீண் நிலமன்று

கோடையில் ஏரி வற்றியதும் உள்வாயின் ஓரத்தில் கோரையும் சம்பும் மண்டிக் கிடக்கும். சேறும் புல்லுமான இவ்விடத்தைத் தரிசு என்று எண்ணி, வரப்புப் போட்டு மேடாக்கிப் பயிர் செய்யும் வழக்கம் பல ஊர்களில் உள்ளது. இதனால் ஒருவருக்கு ஒரு போகம் கிடைக்கலாம். ஆனால் நட்டம் ஆயக்கட்டு முழுவதற்கும், சுற்றியுள்ள கிணறுகளுக்கும் ஏற்படுகிறது.

ஈரநிலம் என்பது எது?

ஆண்டு முழுவதுமோ, சில மாதங்களிலோ தண்ணீர் தேங்கி, மண் ஊறிக் கிடக்கும் இடங்களே ஈரநிலங்கள். சதுப்பு நிலம், கழிமுகம், அலையாத்திக் காடு, ஏரி, குளம் யாவும் இதில் அடங்கும். ஈரநிலங்களைக் காக்க 1971-ஆம் ஆண்டில் ஈரான் நாட்டு ராம்சார் நகரில் பன்னாட்டு உடன்படிக்கை ஒன்று ஏற்பட்டது. அதன் வகைப்பாட்டில் நெல் வயலும் ஈரநிலமே. தமிழ்நாட்டிலுள்ள சுமார் 39 ஆயிரம் ஏரிகளும் அவ்வாறே. கோடையில் வற்றுவதால் ஏரியின் தன்மை மாறிவிடுவதில்லை.

உழவர்க்கு என்ன பயன்?

ஓர் ஏக்கர் பரப்பில் ஓரடி ஆழம் தண்ணீர் நின்றால் அது ஏறத்தாழ 12 லட்சம் லிட்டராகும். உள்வாயில் 10 ஏக்கரை ஓரடி மேடாக்கினால் 1 கோடியே 20 லட்சம் லிட்டர் கொள்ளளவு குறைகிறது. பெருமழையில் அந்த நீர் முன்னதாகவே கலங்கல் வழியே வழிந்து தாழ்வான வயல்களை மூழ்கடிக்கும். பின்னர் கதிர் முற்றும் தருணத்தில் கடைசித் தண்ணீருக்குத் தட்டுப்பாடு வரும். கிணறுகளின் ஊற்றும் குறையும்.

கோரையும் சம்பும் வரும் நீரின் வேகத்தைத் தணித்து வண்டலைப் படியச் செய்கின்றன. மேட்டு வயல்களிலிருந்து கரைந்து வரும் உரச்சத்தில் ஒரு பகுதியை அவை எடுத்துக் கொள்கின்றன. காற்றுப் புகாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றுகின்றன. இதனால் நீர் தூய்மை அடைகிறது.

வேடந்தாங்கல் காட்டும் வழி

செங்கல்பட்டு மாவட்டம் வேடந்தாங்கல் ஏரியில் நாரை, கூழைக்கடா, நீர்க்காகம் போன்ற பறவைகள் தண்ணீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் நீரில் கலந்து, தழைச்சத்தும் மணிச்சத்தும் பாசனத்துடன் வயலுக்குச் செல்கின்றன. இந்தப் பயனை அறிந்த அவ்வூர் உழவர்கள், பறவைகளைச் சுட்டவர்கள்மீது முறையிட்டு, 1798-ஆம் ஆண்டு வாக்கில் செங்கல்பட்டு கலெக்டரிடம் பாதுகாப்பு உரிமை பெற்றனர். 2022-ஆம் ஆண்டில் இவ்வேரி ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது.

செய்ய வேண்டியவை

1. ஏரியின் எல்லையை வருவாய்த் துறை மூலம் அளந்து கல் நடச் செய்ய வேண்டும். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாட்டில் 2007-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது.

2. மழைக்கு முன்பே வரத்துக்காலைச் செப்பனிட வேண்டும்.

3. கோடையில் உரிய அனுமதியுடன் வண்டலை எடுத்து வயலுக்கு இடலாம். கரையை ஒட்டித் தோண்டக் கூடாது. வண்டலுக்குக் கீழே ஆழப் பள்ளம் பறிக்கவும் கூடாது.

4. சீமைக் கருவேலையும் ஆகாயத்தாமரையையும் அகற்ற வேண்டும். ஆகாயத்தாமரையை மட்கச் செய்து எருவாக்கலாம். கோரையை முற்றிலும் அழிக்காமல், மதகு, கலங்கல், வரத்துக்கால் ஆகிய இடங்களில் நீரோட்டத்தைத் தடுப்பவற்றை மட்டும் நீக்கினால் போதும்.

5. பூச்சி மருந்துக் கலன்களையும் தெளிப்பானையும் ஏரியில் கழுவக் கூடாது.

சிறு உழவருக்குத் தனியாக அணை கட்டவோ, ஆழ்குழாய்க் கிணறு போடவோ வசதி இராது. அவருக்கு உள்ள சேமிப்பு ஊர் ஏரி ஒன்றே. அதன் உள்வாயைச் சுருங்க விடாமல் காப்பது, அடுத்த போகத்தின் தண்ணீரைக் காப்பதாகும்.