பாதியில் நின்ற இன்ஸ்டால்: ஃபார்மட் பண்றதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க

காலேஜ் கடைசி வருஷம் படிக்கிற ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். "அண்ணா, உபுண்டு அப்டேட் ஓடிட்டு இருக்கும்போதே சார்ஜ் தீர்ந்து லேப்டாப் ஆஃப் ஆயிடுச்சு. இப்போ எதை இன்ஸ்டால் பண்ணாலும் எரர். ப்ராஜெக்ட் முழுக்க அதுலதான் இருக்கு. ஃபார்மட் பண்ணிடவா?"

வேண்டாம் தம்பி. இந்த எரர் உங்க ஹோம் ஃபோல்டரைத் தொடுறதில்லை. ஃபார்மட் பண்ணினாதான் ப்ராஜெக்ட் போகும். முதல்ல அதை ஒரு பென் டிரைவ்ல காப்பி எடுத்துக்கோங்க.

என்ன நடந்ததுன்னு பார்ப்போம். உபுண்டுவுக்கு அடிப்படை டெபியன். அதுல பேக்கேஜை நிறுவுவது டிபிகேஜி என்ற கருவி. எந்தப் பேக்கேஜுக்கு எது தேவைன்னு கணக்குப் போட்டு, டவுன்லோட் பண்ணிக் கொடுப்பது ஏபிடி. டிபிகேஜி இரண்டு கட்டமாக வேலை செய்யும்: முதலில் ஃபைல்களைப் பிரித்து வைக்கும், பிறகு கான்ஃபிகர் செய்யும். வாஷிங் மெஷினைப் பெட்டியிலிருந்து எடுத்தாச்சு, குழாயை மாட்டலைன்னா எப்படி? அதுதான் இப்போ உங்க லேப்டாப்போட நிலைமை. எதுவரை முடிஞ்சதுன்னு டிபிகேஜி குறிச்சு வெச்சிருக்கும். அதனால விட்ட இடத்துலேர்ந்து தொடரலாம்.

இனி சரிசெய்யும் வரிசை.

ஒண்ணு: 'லாக்' எரர் வந்தா, வேற ஏதோ ப்ரோக்ராம் இன்ஸ்டால் பண்ணிட்டு இருக்குன்னு அர்த்தம். பெரும்பாலும் பின்னணியில் ஓடும் தானியங்கி அப்டேட். காத்திருங்க. லாக் ஃபைலை டிலீட் பண்ணாதீங்க. இரண்டு பேர் ஒரே கணக்கு நோட்டில் ஒரே நேரத்தில் எழுதினால் நோட்டே கெட்டுப்போகும்.

ரெண்டு: 'டிஎஃப் ஹைஃபன் எச்' அடிச்சு டிஸ்க்கில் இடம் இருக்கான்னு பாருங்க. இடமில்லைன்னா அடுத்த படியும் பாதியில் நிற்கும்.

மூணு: 'சூடோ டிபிகேஜி', ஒரு ஸ்பேஸ், ரெண்டு ஹைஃபன் சேர்த்து 'கான்ஃபிகர்', மறுபடி ஸ்பேஸ், 'ஹைஃபன் ஏ'. விட்டுப்போன கான்ஃபிகர் வேலை எல்லாம் முடியும். பல நேரம் இதுவே போதும்.

நாலு: சார்பு பேக்கேஜ் ஏதாவது குறைஞ்சா, 'சூடோ ஏபிடி', ரெண்டு ஹைஃபனோட 'ஃபிக்ஸ் ஹைஃபன் ப்ரோக்கன்', ஸ்பேஸ், 'இன்ஸ்டால்'.

இங்கதான் நிதானம் வேணும். எதையெல்லாம் நீக்கப் போறேன்னு ஏபிடி ஒரு பட்டியல் காட்டும். படிக்காம 'ஒய்' அடிக்காதீங்க. 2021ல் யூட்யூபர் லைனஸ் செபாஸ்டியன் பாப் ஓஎஸ்ஸில் ஸ்டீம் நிறுவப் போனார். பேக்கேஜில் இருந்த ஒரு சிக்கலால், டெஸ்க்டாப்பையே நீக்கப் போறதா ஏபிடி எச்சரித்தது. அதைத் தாண்டிப் போனார், டெஸ்க்டாப் காணாமல் போனது. அதுக்கப்புறம் ஏபிடியிலேயே அந்தத் தடையை இன்னும் இறுக்கினாங்க. உங்க பட்டியல்ல டெஸ்க்டாப் பேரோ கெர்னல் பேரோ வந்தா, 'என்' அடிச்சு நிறுத்திட்டு, அந்தப் பட்டியலோட யார்கிட்டயாவது கேளுங்க.

கடைசியா, 'சூடோ டிபிகேஜி', ரெண்டு ஹைஃபன், 'ஆடிட்'. எதுவும் சொல்லாம அமைதியா திரும்பி வந்தா, அரைகுறையா எதுவும் பாக்கி இல்லைன்னு அர்த்தம்.

தம்பி, அடுத்த அப்டேட்டுக்கு முன்னாடி சார்ஜரை மாட்டிடுங்க. ரிவ்யூவுக்கு வாழ்த்துகள்.