நட்சத்திரங்களைத் தருவது யார்?

புதிய ஊருக்குக் குடிபெயர்பவர்கள் நல்ல மருத்துவர் யார், நாணயமான மெக்கானிக் எங்கே இருக்கிறார், எந்த உணவகத்தில் நம்பிச் சாப்பிடலாம் என்பதையெல்லாம் ஒரு காலத்தில் பக்கத்து வீட்டாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். இன்று அந்தக் கேள்விகள் திறன்பேசியிடம் கேட்கப்படுகின்றன. தேடிய நொடியில் ஒவ்வொரு கடையின் பெயருக்கும் அருகே 4.2, 3.8 என ஓர் எண் வந்து நிற்கிறது. பக்கத்து வீட்டாரை நமக்குத் தெரியும். அந்த எண்ணை உருவாக்கியவர்களைத் தெரியாது.

உள்ளூர்க் கடைகளைப் பற்றிய விவரங்களைத் தொலைபேசி வழியே தரும் ஜஸ்ட் டயல் நிறுவனம் 1996-இல் தொடங்கப்பட்டது. வாடிக்கையாளர்களே கடைகளை விமர்சிக்கும் முறையைப் பரவலாக்கிய யெல்ப் இணையதளம் 2004-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தது. இன்று நம் நாட்டில் கூகுள் வரைபடமே பலருக்கும் முதல் வழிகாட்டி.

இந்த நட்சத்திரங்கள் வெறும் அலங்காரம் அல்ல. ஹார்வர்ட் வணிகப் பள்ளியைச் சேர்ந்த மைக்கேல் லூகா, அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களை ஆராய்ந்து 2011-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார். யெல்ப் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் உணவகத்தின் வருவாய் 5 முதல் 9 சதவீதம் வரை உயர்வதாக அது கூறியது. இந்த விளைவு தனித்து இயங்கும் உணவகங்களில்தான் காணப்பட்டது. பல கிளைகள் கொண்ட பெரிய நிறுவனங்களில் அல்ல. காரணம் எளிது. பெரிய நிறுவனத்தை அதன் பெயரே அறிமுகப்படுத்திவிடுகிறது. தெருமுனைச் சிற்றுண்டிக் கடைக்கு அந்த எண்தான் அறிமுகம்.

ஆனால், அந்த எண் எல்லா வாடிக்கையாளர்களின் குரலும் அல்ல. கடைக்கு வந்து, வேண்டியதை வாங்கி, குறையேதும் இன்றித் திரும்புகிறவர் பெரும்பாலும் எதையும் எழுதுவதில்லை. அளவு கடந்து மகிழ்ந்தவரும் கடும் கோபம் கொண்டவருமே எழுதுகிறார்கள். இதனால் ஏற்படும் சேதம் சிறு கடைகளுக்கே அதிகம். பத்துப் பேர் ஐந்து நட்சத்திரம் தந்த கடைக்குப் பதினோராவது நபர் ஒரு நட்சத்திரம் தந்தால் சராசரி 4.6 ஆக இறங்கிவிடும். ஆயிரம் பேர் ஐந்து நட்சத்திரம் தந்த கடையில் அதே கோபம் ஏறக்குறைய எந்தத் தடயத்தையும் விட்டுச்செல்லாது.

எழுதுபவர் உண்மையில் அந்தக் கடைக்கு வந்தவர்தானா என்பது அடுத்த கேள்வி. தங்கும் விடுதிகளுக்கு முன்பதிவு செய்யும் சில தளங்கள், தங்கியவர்களை மட்டுமே கருத்து எழுத அனுமதிக்கின்றன. கூகுள் வரைபடத்தில் விமர்சனம் எழுத ரசீது எதையும் காட்ட வேண்டியதில்லை. இத்தகைய ஏற்பாடு எவ்வளவு தூரம் ஏமாறக்கூடியது என்பதை 2017-இல் ஊபா பட்லர் என்ற எழுத்தாளர் லண்டனில் நிரூபித்தார். தம் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையை ஓர் உணவகமாக டிரிப் அட்வைசர் தளத்தில் அவர் பதிவுசெய்தார். சவர நுரை போன்றவற்றால் உருவாக்கிய ‘உணவு’களின் படங்களை வெளியிட்டார். நண்பர்கள் புகழ்ந்து எழுதினார்கள். ஒருவருக்குக்கூட உணவு பரிமாறாத அந்த ‘உணவகம்’ சில மாதங்களில் லண்டன் உணவகங்களின் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

அவர் சோதனைக்காகச் செய்ததைப் பலர் தொழிலாகவே செய்கிறார்கள். ‘உணவகங்களுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுங்கள், வீட்டிலிருந்தே சம்பாதியுங்கள்’ என்று வாட்ஸ்ஆப்பிலும் டெலிகிராமிலும் வரும் செய்திகள் பலருக்கும் பழக்கமானவை. தொடக்கத்தில் சிறு தொகையைத் தந்து நம்பவைத்து, பின்னர் பெருந்தொகையைக் கட்டச்சொல்லிப் பறிப்பதே இதன் உத்தி. இத்தகைய பகுதிநேர வேலை மோசடியில் ஈடுபட்ட நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்களை மத்திய அரசு 2023 டிசம்பரில் முடக்கியது.

சட்டமும் மெல்லப் பின்தொடர்கிறது. இணையவழி விற்பனையாளர்கள் நுகர்வோர்போல நடித்துத் தம் பொருளுக்குத் தாமே விமர்சனம் எழுதுவதை 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் தடைசெய்கின்றன. இணைய விமர்சனங்களுக்கென ஐ.எஸ். 19000 என்ற தர நிர்ணயத்தை இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் வெளியிட்டது. எழுதுபவரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும், விலைக்கு வாங்கிய விமர்சனங்களை வெளியிடக் கூடாது என்று அது கூறுகிறது. ஆனால், விரும்பியவர்கள் பின்பற்றலாம் என்ற அளவிலேயே அது அறிமுகமானது. அமெரிக்காவில் போலி விமர்சனங்களை வாங்குவதையும் விற்பதையும் தடுக்கும் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டனிலும் 2025 ஏப்ரல் முதல் அத்தகைய தடை இருக்கிறது.

சட்டம் வலுப்பெறும் வரை வாசகருக்குச் சில எச்சரிக்கைகள் உதவும். சராசரி எண்ணோடு நின்றுவிடாமல், எத்தனை பேர் மதிப்பிட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அண்மையில் எழுதப்பட்டவற்றை முதலில் படிக்க வேண்டும். சமையல்காரர் மாறினால் பழைய புகழுரைக்குப் பொருளில்லை. மூன்று நட்சத்திரம் தந்தவர்களின் எழுத்தில் நிறையும் குறையும் சேர்ந்தே இருக்கும் வாய்ப்பு அதிகம். ஒரே நாளில் குவிந்த ஒரேமாதிரியான பாராட்டுகளைச் சந்தேகிப்பது நல்லது. புகாருக்குக் கடைக்காரர் அளித்த பதில், பல நேரங்களில் புகாரைவிட அதிகம் சொல்லும்.

வாசிப்பதில் காட்டும் கவனம் எழுதுவதிலும் வேண்டும். பேருந்து தாமதமான எரிச்சலை உணவகத்தின் மீது இறக்கிவைப்பது அநீதி. கடைக்காரரிடம் நேரில் சொன்னால் தீர்ந்துவிடும் குறையை முதலில் நேரில் சொல்வதே முறை. என்ன வாங்கினோம், எப்போது சென்றோம், எது நன்றாக இருந்தது, எது இல்லை என்று நான்கு வரி எழுதினால் அது அடுத்தவருக்குப் பயன்படும் சாட்சியமாகிறது.

நியாயமான விலைக்குத் தரமான வேலை செய்யும் தையற்காரரும், குழாய் பழுதுபார்ப்பவரும், இட்லிக் கடை நடத்தும் பெண்மணியும் விளம்பரத்துக்குச் செலவழிக்க வசதியற்றவர்கள். அவர்களிடம் திருப்தியடைந்த நாம் மெளனமாக இருந்தால், அந்த இடத்தைக் கோபக்காரர்களும் கூலிக்கு எழுதுபவர்களும் நிரப்பிவிடுவார்கள். பக்கத்து வீட்டாரிடம் ‘அங்கே போங்கள், நம்பலாம்’ என்று சொல்வதை நாம் ஒருபோதும் சுமையாகக் கருதியதில்லை. அதே சொல்லை இணையத்திலும் பதிவுசெய்ய இரண்டு நிமிடம் போதும்.