பனிக்கு ஒளியும் பாம்புகள்

கனடாவின் மனிடோபா மாகாணத்தில், வின்னிபெக் நகருக்கு வடக்கே, நார்சிஸ் என்னும் சிற்றூரின் அருகே சில சுண்ணாம்புக்கல் குழிகள் உள்ளன. ஆண்டுதோறும் ஏப்ரல் இறுதியில் இவற்றிலிருந்து பல்லாயிரக்கணக்கான பாம்புகள் வெளிவருகின்றன. அவற்றைக் காணக் குழந்தைகளுடன் பெற்றோர்களும் திரள்கிறார்கள்.

அச்சமின்மைக்குக் காரணம், இவை கார்ட்டர் பாம்புகள் என்பதே. காலுறை நழுவாதிருக்க முற்காலத்தில் கட்டப்பட்ட பட்டியின் பெயரே கார்ட்டர். கருநிற உடலில் நீளவாக்கில் ஓடும் மஞ்சள் கோடுகள் அதனை நினைவூட்டின. மண்புழுவும் தவளையும் இவற்றின் முக்கிய உணவு. உமிழ்நீரில் சிறிதளவு நச்சுத்தன்மை இருப்பினும், அதனால் மனிதருக்கு ஆபத்தில்லை. கையில் பிடித்தால் துர்நாற்றம் வீசும் திரவத்தைப் பீய்ச்சும். பிடித்தவர் தாமாகவே விட்டுவிடுவார்.

வட அமெரிக்காவில் வேறெந்தப் பாம்பும் இவ்வளவு வடக்கே வாழ்வதில்லை. மனிடோபாவின் குளிர் சில நாட்களில் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையைத் தொடும். தம் உடலுக்குத் தாமே வெப்பமூட்ட இயலாத இப்பிராணிகள், நிலம் உறையாத ஆழம்வரை இறங்கும் பாறைப் பிளவுகளில் நெருங்கிக் கிடந்தே உயிர் பிழைக்கின்றன. இவை முட்டையிடுவதில்லை, குட்டி ஈனுகின்றன. குளிர்ந்த மண்ணில் முட்டைகள் பொரிப்பது கடினம். தாய்ப்பாம்போ வெயில் காய்ந்து, வயிற்றிலுள்ள குட்டிகளுக்கும் வெப்பம் தருகிறது.

ஆயினும், ஒரே குழியை ஆயிரக்கணக்கானவை நம்பியிருப்பதே இவற்றின் பலவீனமும் ஆகும். இலையுதிர் காலத்தில் சதுப்பு நிலங்களிலிருந்து திரும்புகையில் 17ஆம் இலக்க நெடுஞ்சாலையைக் கடக்கவேண்டும். அங்கு ஆண்டுக்குச் சுமார் 10,000 பாம்புகள் வாகனங்களில் நசுங்கி வந்தன. 1999ஆம் ஆண்டில் கடுங்குளிருக்கும் பல்லாயிரம் பலியாகவே, இந்த இழப்பு கவலைக்குரியதாயிற்று. சாலைக்கு அடியில் சிறு சுரங்க வழிகளும், பாம்புகளை அவற்றை நோக்கித் திருப்பும் தடுப்பு வேலிகளும் அமைக்கப்பட்டன. உயிரிழப்பு பெருமளவு குறைந்தது.

தமிழர்கள் பெருந்தொகையாக வாழும் டொரன்டோவிலும் இப்பாம்பின் கிழக்கத்திய கிளையினம் வீட்டுத் தோட்டங்களுக்கு வருவதுண்டு. கட்டுவிரியனையும் புடையனையும் அறிந்து வளர்ந்தவர்கள் தடியைத் தேடுவது இயல்பே. ஆனால் ஒன்ராறியோ மாகாணத்தின் ஒரே நச்சுப்பாம்பான மசசோகா கிலுகிலுப்பைப் பாம்பு, ஜோர்ஜியன் விரிகுடாக் கரை முதலான சில பகுதிகளில் மட்டுமே வாழ்கிறது, டொரன்டோவில் இல்லை.

நகரத்துப் பாம்புகள் குளிர்காலத்தில் பழைய அத்திவாரங்களின் வெடிப்புகளிலும் கற்குவியல்களின் அடியிலும் ஒதுங்குகின்றன. அக்கற்களைப் பனிக்காலத்தில் பெயர்த்தால், உள்ளே கிடப்பவை ஊர்ந்து செல்லவும் இயலாமல் உறைந்துபோகும். கோடையில் அகற்றினால் அவை விலகிச் சென்றுவிடும்.